மடை மாற்றிய நரம்பு

பனை, தென்னை ஏறும்போது தவறி விழுந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். மொட்டை மாடியில் இருந்து விழுகிறவர்களும் உண்டு. சாலை விபத்தில் அடிபடுகிறவர்களும் உண்டு.

சிலருக்கு வெளியே பெரிய காயம் தெரியாது. ரத்தம் வராது. ஆனால் கால் அசையாது. தொட்டாலும் தெரியாது. சிலருக்குக் கையும் அசையாது.

"இனி அவ்வளவுதான். படுத்த படுக்கைதான்" என்று சிலர் சொல்வார்கள்.

"இந்த எண்ணெயைத் தேய்த்தால் ஒரே மாதத்தில் எழுந்து நடப்பார்" என்று வேறு சிலர் சொல்வார்கள்.

இந்த இரண்டு பேச்சும் சரியல்ல. ஏன் சரியல்ல? இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. முதுகுக்குள் ஒரு வாய்க்கால்

உங்கள் முதுகின் நடுவே கையை வைத்துப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக எலும்பு தெரியும். இதுதான் முதுகெலும்பு. இது ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்த எலும்புகளின் நடுவே ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக ஒரு கயிறு போல நரம்புக் கட்டு இறங்குகிறது. அதன் பெயர் தண்டுவடம். பெரியவர்களுக்கு அது சுமார் 45 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சுண்டுவிரல் கனம்தான் இருக்கும்.

தண்டுவடத்தின் வேலை என்ன? ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளைதான் ஏரி. தண்டுவடம் பெரிய வாய்க்கால். அதில் இருந்து 31 ஜோடி நரம்புகள் கிளை வாய்க்கால்களாகப் பிரிகின்றன. தசைகள்தான் வயல்கள். மூளையில் இருந்து "காலைத் தூக்கு" என்று கட்டளை கிளம்பும். அது பெரிய வாய்க்கால் வழியே இறங்கும். கிளை வாய்க்காலில் பாயும். தசைக்குப் போய்ச் சேரும். கால் தூக்கும்.

ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கம்தான் ஓடும். தண்டுவடத்தில் சேதி இரண்டு பக்கமும் ஓடும். காலில் முள் குத்தினால் அந்தச் சேதி மேலே ஏறும். மூளைக்குப் போகும். அப்போதுதான் நமக்கு வலி தெரியும்.

2. வாய்க்கால் உடைந்தால்

முதுகெலும்பு ஒடிந்தாலும் நகர்ந்தாலும் உள்ளே இருக்கும் தண்டுவடம் நசுங்கலாம். நசுங்கிய இடத்துக்குக் கீழே கட்டளை போகாது. கீழே இருந்து சேதியும் வராது.

நடு முதுகிலோ இடுப்புக்கு மேலோ அடிபட்டால் கால்கள் செயல் இழக்கும். கழுத்தில் அடிபட்டால் கைகளும் கால்களும் செயல் இழக்கும். சிறுநீர், மலம் போவதும் கட்டுப்பாட்டில் இருக்காது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்லோருக்கும் தண்டுவடம் முழுவதும் அறுந்து போவது இல்லை. பலருக்குச் சில நரம்பு இழைகள் தப்பிப் பிழைத்திருக்கும். உடைந்த வாய்க்காலின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் கசிவது போல அது.

ஆசனவாயைச் சுற்றித் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று மருத்துவர் சோதிப்பார். வெட்கப்பட வேண்டாம். அங்கே உணர்வு இருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். தேறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

3. முதலில் தூக்குவது எப்படி?

மரத்தில் இருந்து ஒருவர் விழுந்துவிட்டார். நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் கையைப் பிடிக்கிறார். ஒருவர் காலைப் பிடிக்கிறார். மூட்டை போலத் தூக்குகிறோம். ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கிறோம்.

இது பெரிய ஆபத்து. அதுவரை எலும்பு மட்டுமே ஒடிந்திருக்கலாம். மடக்கித் தூக்கும்போது ஒடிந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்கிவிடும். விழுந்ததில் பிழைத்த நரம்பு நாம் தூக்கியதில் போய்விடும்.

இப்படிச் செய்யுங்கள்:

அவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள். நடக்கச் சொல்லாதீர்கள்.

தண்ணீர், சோடா எதுவும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். புரை ஏறும்.

108 எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். "முதுகில் அடி. பலகை வேண்டும்" என்று சொல்லுங்கள்.

வண்டி வரும்வரை ஒருவர் தலையையும் கழுத்தையும் இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வண்டி வர வழியே இல்லையா? கதவு, அகலமான பலகை ஒன்றைக் கொண்டு வாருங்கள். நான்கைந்து பேர் சேருங்கள். தலை, கழுத்து, முதுகு, இடுப்பு நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மரக்கட்டையைப் புரட்டுவது போல ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையில் கிடத்துங்கள். துணியால் கட்டுங்கள். பிறகு தூக்குங்கள்.

4. நரம்பு மறுபடி வளருமா?

கையிலும் காலிலும் உள்ள நரம்பு வெட்டுப்பட்டால் மறுபடி வளரும். ஆனால் மெதுவாக வளரும். ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான்.  அவ்வளவுதான்.

தண்டுவடத்துக்குள் இருக்கும் நரம்பு அப்படி வளர்வது இல்லை. நசுங்கிய இடத்தில் தழும்பு உண்டாகிறது. அது சுவர் போல நிற்கிறது. வளரவிடாமல் தடுக்கும் பொருள்களும் அங்கே இருக்கின்றன. அறுந்த கயிற்றை முடிச்சுப் போடுவது போல தண்டுவடத்தை ஒட்டவைக்க இன்றுவரை வழி இல்லை.

அப்படியானால் சிலர் எப்படித் தேறுகிறார்கள்?

உடைந்த வாய்க்காலைக் கட்ட முடியாவிட்டால் விவசாயி என்ன செய்வார்? ஓரத்தில் கசியும் தண்ணீரைக் கவனிப்பார். அந்த வழியில் மண்ணை வெட்டுவார். தினமும் வெட்டினால் கசிவு சிறு வாய்க்கால் ஆகும்.

நம் உடம்பும் இதைச் செய்கிறது. தப்பிய நரம்பு இழைகள் புதிய கிளை விடுகின்றன. பக்கத்தில் உள்ள நரம்புகளோடு புதிதாகச் சேர்கின்றன. கட்டளை சுற்று வழியில் கீழே போகிறது.

ஆனால் இந்தச் சுற்று வழி சும்மா இருந்தால் திறக்காது. பயன்படுத்தினால்தான் திறக்கும். அதற்குத்தான் பயிற்சி. ஒரே அசைவை நூறு முறை, ஆயிரம் முறை செய்ய வேண்டும். அசையாத காலைப் பிறர் அசைத்துவிடும்போதும், "நான் அசைக்கிறேன்" என்று அவர் மனதால் முயல வேண்டும்.

பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் அதிகம். பிறகு வேகம் குறையும். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு வரையும் சிலருக்கு முன்னேற்றம் உண்டு. அதனால் முதல் மாதங்களை வீணாக்கக் கூடாது.

5. மருத்துவமனையில் ஒரு பேச்சு

ஒருவர் சாரத்தில் இருந்து விழுந்து இரண்டு மாதம் ஆயிற்று. அவருடைய மனைவி செவிலியரிடம் பேசுகிறார்.

மனைவி: சிஸ்டர், இவர் எழுந்து நடப்பாரா? ஒரு வார்த்தை சொல்லுங்க.

செவிலியர்: நடப்பாருன்னும் சொல்ல முடியாதும்மா. நடக்கவே மாட்டாருன்னும் சொல்ல முடியாது. கால் கட்டைவிரல் லேசா அசையுது. அது நல்ல குறி.

மனைவி: எங்க ஊர்ல ஒருத்தர் சொல்றார். வெளியூர்ல ஊசி போடறாங்களாம். அஞ்சு லட்சமாம். வயலை வித்துடலாமான்னு மாமனார் கேட்கறார்.

செவிலியர்: வேண்டாம்மா. வயலை வித்துட்டா நாளைக்கு இவருக்குச் சாப்பாடு எங்கே இருந்து வரும்? அந்த ஊசி பலன் தரும்னு இன்னும் நிரூபணம் ஆகலை.

மனைவி: அப்ப நான் என்னதான் செய்யறது?

செவிலியர்: ராத்திரியும் பகலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க. பயிற்சியைத் தினமும் செய்ய வைங்க. அதுதான் மருந்து.

செவிலியர் சொன்னது சரி. ஸ்டெம் செல் ஊசி என்ற பெயரில் பல இடங்களில் பணம் வாங்குகிறார்கள். 2017ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறை என்ன சொல்கிறது? சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குத்தான் ஸ்டெம் செல் சிகிச்சை ஏற்கப்பட்டது. மற்ற நோய்களுக்கு அது ஆராய்ச்சி மட்டுமே. ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது. அதனால் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

6. கைக்கு மடை மாற்றலாம்

கழுத்தில் அடிபட்டவரைப் பாருங்கள். பலருக்குத் தோள் அசையும். முழங்கையை மடக்க முடியும். ஆனால் முழங்கையை நீட்ட முடியாது. விரலை மூட முடியாது. திறக்க முடியாது. ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது.

"கால் வேண்டுமா, கை வேண்டுமா?" என்று கேட்டால் இவர்களில் பலர் "கை வேண்டும்" என்றே சொல்வார்கள். கை இருந்தால் தானே சாப்பிடலாம். தானே முகம் கழுவலாம். சக்கர நாற்காலியைத் தானே தள்ளலாம்.

இங்கே ஒரு வழி இருக்கிறது. முழங்கையை மடக்க ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தாலும் முழங்கை மடங்கும். அந்தத் தசைக்குப் போகும் நரம்பு, அடிபட்ட இடத்துக்கு மேலே இருந்து வருகிறது. அதில் கட்டளை நன்றாக ஓடுகிறது. மருத்துவர் அந்த நரம்பை வெட்டுகிறார். விரலை மூடும் தசைக்குப் போகும் நரம்போடு சேர்த்துத் தைக்கிறார்.

தண்ணீர் நிறைய உள்ள வாய்க்காலின் மடையை மாற்றிக் காய்ந்த வயலுக்கு விடுவது போல இது. ஆங்கில மருத்துவத்தில் இதற்கு 'நெர்வ் டிரான்ஸ்ஃபர்' என்று பெயர். நாம் நரம்பு மாற்று அறுவை என்று சொல்லலாம்.

தைத்த மறுநாளே விரல் அசையாது. நரம்பு வளர வேண்டும். வளர்ந்து தசைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

பிறகு ஒரு வேடிக்கை நடக்கும். "விரலை மூடு" என்று நினைத்தால் விரல் மூடாது. "முழங்கையை மடக்கு" என்று நினைத்தால் விரல் மூடும்! நரம்பு பழைய வேலையையே நினைவில் வைத்திருக்கிறது. தினமும் பழகப் பழக மூளை புதிய வேலையைக் கற்றுக்கொள்கிறது. கடைசியில் விரலை நினைத்தாலே விரல் மூடும்.

நாம் பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டோம். முதலில் கை நடுங்கியது. இப்போது கையெழுத்துப் போடுகிறோம். அதுவும் இது போலத்தான். எந்த வயதிலும் மூளை கற்கும்.

2019ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழுத்தில் அடிபட்ட 16 பேருக்கு 59 நரம்பு மாற்றுகள் செய்தார்கள். அவர்கள் எல்லோரும் அடிபட்டு 18 மாதம் ஆகாதவர்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். பலரால் கையை நீட்ட முடிந்தது. பொருளை எடுக்க முடிந்தது. பிடிக்க முடிந்தது. 3 பேருக்கு 4 மாற்றுகள் பலன் தரவில்லை. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடாது என்பதும் உண்மை.

காலம் ஏன் முக்கியம்? கட்டளை வராத தசை மெலிந்துகொண்டே போகும். நீண்ட காலம் காய்ந்து கிடந்த வயல் போல ஆகிவிடும். பிறகு தண்ணீர் விட்டாலும் விளையாது. அதனால் கழுத்தில் அடிபட்டவரின் குடும்பத்தார் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே பெரிய மருத்துவமனையில் கேட்க வேண்டும்: "கைக்கு நரம்பு மாற்று அறுவை செய்ய முடியுமா?" காலம் கடந்தவர்களுக்கும் வேறு வழி உண்டு. அது தசைநாணை மாற்றிக் கட்டும் அறுவை.

7. சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

தசைநாணை மாற்றிக் கட்டும் வேலை நம் நாட்டில் முன்பே நடந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு அவர் இந்த அறுவையைச் செய்தார். நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயல் இழந்த விரலில் கட்டினார். அந்த நோயாளிகளும் பழகிப் பழகித்தான் புதிய அசைவைக் கற்றார்கள்.

அங்கே டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் மருத்துவர் இருந்தார். கேரளத்தில் பிறந்தவர். 1954ல் ஒரு வண்டி விபத்தில் அவருடைய தண்டுவடம் அடிபட்டது. இரண்டு கால்களும் செயல் இழந்தன. அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

அவருடைய கால்கள் திரும்பவில்லை. ஆனால் கைகள் நன்றாக இருந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அறுவை செய்யக் கற்றார். தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூரில் 1966ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் அவர்தான். 1972ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1986ல் அவர் காலமானார். அந்த நிலையம் இன்றும் நடக்கிறது.

டெல்லியிலும் முதுகுத்தண்டுக் காயத்துக்குத் தனி மருத்துவமனை இருக்கிறது. அதைத் தொடங்கியவர் மேஜர் அலுவாலியா. அவர் 1965 மே மாதம் எவரெஸ்ட் சிகரம் ஏறினார். அதே ஆண்டு நடந்த போரில் குண்டு பட்டுக் கால்கள் செயல் இழந்தன. தான் பட்ட துன்பம் பிறர் படக்கூடாது என்று மருத்துவமனை கட்டினார்.

இருவரும் நடக்கவில்லை. ஆனால் இருவரும் படுத்துக் கிடக்கவும் இல்லை.

8. புதிய ஆராய்ச்சி

தண்டுவடத்துக்கு லேசான மின்சாரம் கொடுத்தால் தூங்கும் நரம்பு விழிக்குமா? பல நாடுகளில் ஆராய்கிறார்கள். 2018ல் சுவிட்சர்லாந்து நாட்டில் மூன்று பேருக்கு முதுகுக்குள் சிறு கருவி வைத்தார்கள். பல மாதப் பயிற்சியும் கொடுத்தார்கள். அவர்கள் பிடிமானத்தோடு நடந்தார்கள். கழுத்தின் தோல் மேல் ஒட்டி மின்சாரம் கொடுக்கும் ஒரு கருவியை 60 பேரிடம் சோதித்தார்கள். கையில் 100க்கு 72 பேர் முன்னேற்றம் கண்டார்கள். அந்தக் கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

எந்தக் கருவியும் தனியாக வேலை செய்யவில்லை. கருவியோடு பயிற்சியும் சேர்ந்துதான் பலன் தந்தது. வீட்டில் கரண்டு வைத்து நாமே சோதிக்கக் கூடாது. உயிர் போய்விடும்.

9. வீட்டில் செய்ய வேண்டியவை

தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிரை எடுப்பது பெரும்பாலும் அந்த அடி அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கிருமியும்தான். இரண்டையும் நாம் தடுக்கலாம்.

படுத்திருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புங்கள். உட்கார்ந்திருந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லுங்கள். கை முடியாதவரை முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்.

இடுப்பு, பிட்டம், குதிகால் மூன்றையும் தினமும் பாருங்கள். தோல் சிவந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள்.

வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு அவருக்குத் தெரியாது. தோல் வெந்துவிடும்.

சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாகப் போட்டு எடுப்பது என்று செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எல்லா மூட்டுகளையும் தினமும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். மூட்டு இறுகிவிட்டால் நரம்பு திரும்பினாலும் கை கால் அசையாது.

வீட்டுக் கணக்கு, கடை, தையல் என்று முடிந்த வேலையை அவரிடம் கொடுங்கள். முடிவு எடுக்கும்போது அவரையும் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களுக்கு உரிமை தருகிறது. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்குங்கள். அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். அரசு வேலையில் 100க்கு 4 இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு.

கணக்குப் போடுவோம்

நரம்பு ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வளர்கிறது. தைத்த இடத்தில் இருந்து தசை 18 சென்டிமீட்டர் தூரம். 1 சென்டிமீட்டர் என்பது 10 மில்லிமீட்டர். நரம்பு தசைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? எத்தனை மாதம்?

(விடை: 180 நாள். சுமார் 6 மாதம்.)

புதிய சொற்கள்

தண்டுவடம்: முதுகெலும்புக்குள் இருக்கும் நரம்புக் கட்டு.
தசைநாண்: தசையை எலும்போடு கட்டும் நார்.
மறுவாழ்வு: இழந்த செயலை மீட்டு மீண்டும் வாழப் பழகுவது.

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. முதுகில் அடிபட்டவரை ஏன் மடக்கித் தூக்கக் கூடாது?
2. நரம்பு மாற்று அறுவையில் எந்த நரம்பை எடுக்கிறார்கள்?
3. அறுவைக்குப் பிறகு பயிற்சி ஏன் வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

1. ஆபத்துக்கு எடுக்க நம் ஊரில் அகலமான பலகை எங்கே இருக்கிறது? யாரிடம் சாவி இருக்கிறது?
2. மரம் ஏறுகிறவர்களுக்கும் சாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இடுப்புக் கயிறு கிடைக்க நாம் என்ன செய்யலாம்?
3. நம் தெருவில் வெளியே வராமல் படுத்திருப்பவர் யார்? இந்தப் பாடத்தை அவர் வீட்டில் யார் படித்துக் காட்டுவது?